ஏரிக்கரையில் ஒரு தூக்குத் தயிர்சாதம்

1. தெரியும் சார்

சுருக்கெழுத்துப் படித்துவிட்டுக் கல்கத்தாவுக்கு வண்டி ஏறப்போகும் தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. வேலை கேட்டுப் போகும்போது துரை, "வேறென்ன தெரியும்?" என்று கேட்டால், "ஒன்றும் தெரியாது சார்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். நான் சொல்லாமல் விட்டேன்.

சணல் கம்பெனி ஒன்றில் எனக்கு ஸ்டெனோ வேலை. தற்காலிகம். குளிர்காலம் முடிவதற்குள் துரை என்னைக் கன்பர்ம் செய்யாவிட்டால், ஹவுராவில் வந்து இறங்கிய அதே ரயிலில் திரும்பிப் போக வேண்டியதுதான். சேர்ந்த அன்று துரை என் வேகத்தைச் சோதித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த வாத்துப் படங்களைக் காட்டி, "பறவைகளைப் பற்றித் தெரியுமா?" என்றார். காக்கையையும் கிளியையும் மனத்தில் வைத்துக்கொண்டு, "நன்றாகத் தெரியும் சார்" என்றேன்.

அது மார்கழியில் வந்து விடிந்தது. துரை கூப்பிட்டனுப்பினார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். இங்கிலீஷில் கேட்க இன்னும் மோசமாக இருந்தது.

"ஆயாவுக்குக் காய்ச்சல். ஞாயித்துக்கிழமை காலையில என் குழந்தைங்களை ஏரிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பறவைகளைக் காட்டு. லண்டன் ஆபீஸ் பெரிய துரையோட நான் பின்னால வருவேன். அவருக்கு அந்த வாத்துக் கூட்டத்தைக் காட்டணும். நீ போய் அதைக் கலைச்சு வெச்சேன்னா, திங்கட்கிழமை ஆபீசுக்கு வராதே."

"எஸ் சார்" என்றேன். எனக்கு இங்கிலீஷில் மிகச் சரளமாக வரும் வாக்கியம் அதுதான்.

பவானிபூரில் நாங்கள் தங்கியிருந்த மெஸ்ஸில் மூத்தவர் சேஷு அண்ணா. விஷயத்தைச் சொன்னேன்.

"வைத்தா, பறவையைப் பத்தி நோக்கு என்னடா தெரியும்?"

"தெரியும்னு சொல்லிட்டேன், அண்ணா."

"பேஷ். கொழந்தைகளைப் பத்தி?"

"அதை அவர் கேக்கலை."

"கேட்டிருந்தா அதுவும் தெரியும்னிருப்பே. தயிர்சாதம் கட்டித் தரச் சொல்றேன், எடுத்துண்டு போ. வேலை போறதுதான் போறது, பசியோட போக வேண்டாம்."

2. வாத்து, மற்றுமொரு வாத்து

பாலிகஞ்சைத் தாண்டி ஒரு ஜமீன்தாரின் தோட்டத்துக்குள் இருந்தது அந்த ஏரி. குளிர்காலத்தில் சுற்றுவட்டாரத்து ஏரிகளில் எல்லாம் துரைமார் வாத்து சுட்டுக்கொண்டிருக்க, இங்கே மட்டும் துப்பாக்கி கூடாது என்பது ஜமீன்தாரின் உத்தரவு. உத்தரவை வாத்துகளும் படித்திருக்க வேண்டும். தண்ணீர் தெரியாமல் மிதந்தன.

தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, பஞ்சகச்சம், குடை ஆகிய சகல சின்னங்களுடனும் வண்டியிலிருந்து இறங்கினேன். துரையின் மனைவி மேம்சாகிப் கொடுத்தனுப்பிய பலகாரக் கூடைக்குள் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி. அதை நான் தொடமாட்டேன். வண்டிக்காரர் கரீமும் தொடமாட்டார். 'நீங்கள் எடுங்கள்', 'நீங்கள் எடுங்கள்' என்று இருவரும் மிகுந்த மரியாதையுடன் உபசரித்துக்கொண்டதில், கூடை இருந்த இடத்திலேயே இருந்தது. துரைமாரை அழைத்துவர வண்டி திரும்பியபோது கூடையும் சவாரி போய்விட்டது.

"சுப், மத்ராஜி பாபு, சுப்!" என்று தோட்டக்காரர் நிவாரண் உதட்டில் விரலை வைத்து எச்சரித்தார். சத்தம் கேட்டால் கூட்டம் பறந்துவிடுமாம்.

துரையின் மகளுக்கு ஆறு வயதிருக்கும். எல்லோரும் மிஸ்ஸி பாபா என்பார்கள். அவள் தம்பிக்கு வாயில் பாதிப் பல் இல்லை. மிஸ்ஸி பாபா கிசுகிசுத்தாள்.

"அது என்ன பறவை?"

"வாத்து."

"அது?"

"அதுவும் வாத்து."

"வால் நீளமா இருக்கே, அது?"

"அது... சீனியர் வாத்து."

அத்துடன் என் பறவை ஞானம் முடிந்தது. சற்று நேரத்தில் தம்பி, "பசிக்குது" என்று உதட்டைப் பிதுக்கினான். அழுதால் வாத்து போகும். வாத்து போனால் வேலை போகும். தூக்கைத் திறந்தேன்.

இங்கேதான் என் கை என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தது. எங்கள் வீட்டில் காக்கைக்கு வைக்காமல் யாரும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கை ஒரு உருண்டையை எடுத்துக் கரைமேல் வைத்தது. வாய், "கா... கா..." என்றது.

வங்காளத்துக் காக்கைகளுக்குத் தமிழ்நாட்டு அழைப்பு புரியுமா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. ஒன்று வந்தது. அது சொல்லி ஊரே வந்தது. இவர்கள் யாரென்று மிஸ்ஸி பாபா கேட்டாள், எங்கள் வீட்டில் சொல்வதையே சொன்னேன். குழந்தைகளுக்குப் பரமானந்தம், "கா! கா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். காக்கைகளை விரட்டக் குடையைப் படாரென்று விரித்தேன். கைவசம் அதற்குமேல் முட்டாள்தனம் எதுவும் இல்லாததால் அத்துடன் நின்றேன்.

ஏரி முழுவதும் எழுந்து ஆகாயத்துக்குப் போயிற்று. காக்கைகள் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. நிவாரண் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தோட்டத்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

3. எஸ் சார்

துரை ஏரியைப் பார்த்தார். தண்ணீர் நன்றாகத் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். ஹவுரா ரயிலின் ஊதல் எனக்கு அங்கேயே கேட்டது.

பெரிய துரையோ ஏரியைப் பார்க்கவே இல்லை. "வாத்தா? எங்க ஊர்க் குளத்துல கால்ல இடறும். குழந்தைங்க என்ன பண்றாங்க?"

மிஸ்ஸி பாபா விளக்கினாள். "கையாலதான் எடுக்கணும், ஸ்பூன் கூடாது. அப்புறம் கூப்பிடணும். அவங்க சாப்பிட்டப்புறம்தான் நாம."

"அவங்கன்னா யாரு?"

"மிஸ்டர் வைத்தாவோட தாத்தாக்கள்."

பெரிய துரை காக்கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜாடை தெரிந்ததோ என்னவோ, காக்கைகளை நோக்கித் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார். பிறகு தயிர்சாதத்தில் கையை விட்டு, "கா!" என்றார். ஒரு தாத்தா உடனே வந்தார். பெரிய துரையின் முகம் தம்பியின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"நீங்களும் கூப்பிடுங்க" என்றார் எங்கள் துரையிடம்.

"நானா?"

"ஆமாம், நீங்கதான்."

"எஸ் சார்" என்றார் துரை.

அப்படியே என் 'எஸ் சார்'. அதே குரல், அதே முதுகு வளைவு. உள்ளங்கையில் தயிர் வழிய, பியூனைக் கூப்பிடும் தோரணையில், "கா" என்றார். ஒன்றும் வரவில்லை. "சத்தமா, அப்பா!" என்று மகள் அதட்டினாள். சணல் கம்பெனியின் மேனேஜர், வயிறு குலுங்க, கரகரவென்று கரைந்தார். நான் குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பயந்துகொண்டே போனேன். துரை கதவைச் சாத்தினார்.

"ஏரியில என்ன பார்த்தே?"

"வாத்து சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் பார்க்கலை சார். எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

என் பைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "யூ ஆர் கன்பர்ம்ட்" என்றார்.

நான் அறிந்த பாடம் இவ்வளவுதான். என் சுருக்கெழுத்து வேகத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய பதிலை, ஒரு ஏரியைக் காலிசெய்த பிறகு சொன்னேன், அதற்குத்தான் வேலை.

மறுநாள் மெஸ்ஸில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது சேஷு அண்ணா இலையைத் தடுத்தார்.

"மொதல்ல மாடிக்குப் போய்க் காக்காய்க்கு வெச்சுட்டு வாடா. உன்னைக் கன்பர்ம் பண்ணினவா பசியோட உக்காந்திருப்பா."