பூட்ஸுக்குள் போடும் அட்டை

எங்கள் அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அவளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கிடைத்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. இதில் எது முந்தியது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மாப்பிள்ளைப் பேச்சுதான் முதலில் வந்தது என்பார் அப்பா. இல்லை, பூட்ஸ்தான் என்பாள் அத்தை. எனக்கு அப்போது எட்டு வயது. மாப்பிள்ளைப் பேச்சை நான் கவனிக்கவேயில்லை. பூட்ஸை மட்டும் நன்றாகக் கவனித்தேன்.

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பாதையில், டேம் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் காம்பரா அறையில்தான் எங்களோடு இருந்தாள். அம்மா கொழுந்து எடுக்கப் போனாள். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அத்தை மட்டும் கொழுந்து மலைக்குப் போகாமல் நல்லதண்ணியில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தாள். தட்டு கழுவப் போனவள், தட்டில் சாப்பிட்டவர்களோடு பேசிப் பேசி இங்கிலீஸ் பழகிக்கொண்டாள். விடுதி முதலாளி ஒரு சிங்கள மாத்தயா. அங்கே வந்து தங்கும் வெளிநாட்டுப் பெண்கள், மலையில் தங்களோடு நடக்க ஒரு பெண் கிடைப்பாளா என்று அவரிடம் அடிக்கடி கேட்டிருக்கிறார்கள். அவர் அத்தையைக் கூப்பிட்டு, “ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கிட்டுப் போய்ப் பத்திரமா கொண்டுவந்து விடு. சரியா வந்தா நீதான் கைட். இல்லாட்டி குசினி இருக்கவே இருக்கு” என்று சொல்லிவிட்டார்.

வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் அத்தை ஏறாத மலை அந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் கைட் என்றால் பூட்ஸ் போட்டிருக்க வேண்டுமாம். விடுதியில் தங்கிய ஒரு ஜெர்மன்காரி, பெட்டியில் இடமில்லை என்று விட்டுப்போன பூட்ஸை மாத்தயா அத்தைக்குக் கொடுத்தார். காப்பி நிறத் தோல், சிவப்புக் கயிறு, கணுக்காலுக்கு மேல் வரைக்கும் உயரம். எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் அது வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பொலிஸ்காரன் சப்பாத்து?” என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

அந்த பூட்ஸ் நாறியது. அதில் சந்தேகமில்லை. அம்மா அதைக் கழுவி, உள்ளே பாதத்துக்கு அடியில் கிடந்த அட்டைகளை உருவி, சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே விறகு பரணில் வைத்தாள். மாலையில் எடுத்துப் பார்த்தபோது இரண்டும் கருவாடு மாதிரிச் சுருண்டு கிடந்தன. அம்மா மூன்று தடவை நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தை அவற்றை நிமிர்த்திப் பார்த்தாள், உடைந்துபோயின. அட்டை தேடும் படலம் அப்படித்தான் தொடங்கியது.

முதலில் பிஸ்கட் பெட்டி. அத்தை அதன்மேல் ஏறி நிற்க, நான் பென்சிலால் அவள் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். கத்தரித்து உள்ளே வைத்து ஒரு நடை போய்வந்தாள். அன்று தூறல். திரும்பி வந்து பூட்ஸைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து கஞ்சி மாதிரி எதுவோ விழுந்தது. அடுத்தது பழைய ரப்பர் செருப்பு. அது பழையது என்பது அத்தையின் எண்ணம். அப்பா மறுநாள் காலையில் செருப்பைத் தேடியபோதுதான் அவருக்கு வேறு எண்ணம் இருந்தது தெரியவந்தது.

கடைசியில் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். கடைவீதியில் ஒரு சப்பாத்துக் கடையில் முதலாளி பல தினுசாக எடுத்துப் போட்டார். அத்தை ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கினாள். நானும் அமுக்கினேன். எது அதிகம் அமுங்குகிறதோ அதுவே நல்லது என்பதில் எங்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. சாக்கு விரித்துப் படுக்கிறவர்களுக்கு மெத்தையைக் காட்டினால் வேறு எதைத் தேர்வார்கள்? “காலுக்கு மெத்தை போட்ட மாதிரி இருக்கும்ங்க” என்று முதலாளியும் சொன்னார். இருந்ததிலேயே தடிப்பானதை வாங்கினோம். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மெத்தைதான் அத்தையின் காலைக் கெடுத்தது. தடிப்பான அட்டை பாதத்தைத் தூக்கிவிட்டதால் விரல்கள் மேலே இடித்தன; அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் குதிகால் எழும்பி எழும்பி உராய்ந்தது. ஒரு பகல் நடந்து வந்து பூட்ஸைக் கழற்றியபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. கைட் வேலைக்கு மாத்தயா குறித்துக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்க ஆட்கள் வருவதாகத் தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் வீடு நானுஓயாப் பக்கம். அவருக்கு வேலை கொழும்பில் ஒரு கடையில். என்ன கடை என்று அப்பா கேட்கவில்லை. கொழும்பு என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. கைட் வேலையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். அத்தையிடம், “கால ஊனி நேரா நட. நொண்டாத” என்றார். பூட்ஸைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்கள்.

அவர்கள் வந்தார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தரகர். அத்தை தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேராகத்தான் நடந்தாள். நாலாவது அடியில் கால் பிசகி, தேத்தண்ணி பாதி தட்டில் கொட்டியது. மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“பொண்ணுக்கு காலு என்ன?”

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை, “அட்ட கடிச்சிருச்சுங்க” என்றாள்.

எங்கள் மலையில் அட்டை கடிப்பது காற்று வீசுவது போல ஒரு விஷயம். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “ஆமாங்க, மழக்காலம் பாருங்க, அட்டத் தொல்ல தாங்கல” என்று பிடித்துக்கொண்டார்.

“அட்ட கடிச்சா ரத்தம் வரும். நொண்டுமா?” என்றார் அந்த அம்மா. அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெரியவர்கள் தவறாக விளங்கிக்கொண்டு தடுமாறுகிறார்களே, எடுத்துச் சொல்லுவோம் என்ற நல்ல எண்ணம்தான். “அந்த அட்ட இல்லங்க, பூட்ஸுக்குள்ள போடுற அட்ட! அத்த கைட்டுக்குப் போறாங்க, அதுக்கு வாங்கினது” என்றேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். அப்பா பழையபடி கூரையைப் பார்க்கத் தொடங்கினார். “பொம்பளப் புள்ள வெள்ளக்காரங்களக் கூட்டிக்கிட்டு மல ஏறுறதா?” என்று அந்த அம்மா தரகரைத் திரும்பிப் பார்த்தார். தரகர் முறுக்கை மென்றார்.

அப்போதுதான் அதுவரை பேசாதிருந்த மாப்பிள்ளை கேட்டார். “அந்த பூட்ஸக் கொஞ்சம் பாக்கலாமா?”

நான் கட்டிலுக்குக் கீழே புகுந்து எடுத்து வந்தேன். அவர் அதை மடியில் வைத்து, உள்ளே கையை விட்டு மெத்தையை உருவினார், மடக்கினார், சிரித்தார். அவர் வேலை செய்வது சப்பாத்துக் கடையில் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

“பூட்ஸ் நல்ல பூட்ஸ். இன்சோல்தான் தப்பு” என்றார். “எறங்கும்போது விரல் இடிக்குதா?”

“இடிக்குதுங்க” என்றாள் அத்தை.

“இது எந்த நேரத்துல போட்டுப் பாத்தீங்க?”

“கடையில போட்டே பாக்கலங்க. அமுக்கித்தான் பாத்தோம்.”

“சாயங்காலம் போட்டுப் பாக்கணும். பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்ல, அப்பதான் சரியான அளவு தெரியும். நடக்கிறப்போ சப்பாத்துக்குள்ள கால்ல மாட்டுற தடிச்ச மேஸையும் போட்டுக்கிட்டுத்தான் பாக்கணும்.” பிறகு அம்மாவைப் பார்த்து, “கொஞ்சம் தண்ணி தாறீங்களா?” என்றார்.

குடிக்கத்தான் கேட்கிறார் என்று அம்மா செம்பில் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி வாசல் சிமெண்டில் ஊற்றினார். “இதுல கால நனைச்சுட்டு, அங்கிட்டு காஞ்ச எடத்துல மிதிங்க.”

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பாவிடமிருந்து உதவி வரவில்லை. அவள் சேலையைச் சற்றுத் தூக்கி, காலை நனைத்து, மிதித்தாள். சிமெண்டில் ஐந்து விரலும் முன்பாதமும் குதிகாலும் தெரிந்தன. நடுவில் நூல் மாதிரி ஒரு ஈரம் மட்டும். மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். மாப்பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார்கள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இவர் காலைக்கூடப் பார்க்கவில்லை, கால் போன தடத்தைப் பார்த்தார்.

“உள்ளங்கால் நல்லா வளைஞ்சிருக்கு. நடுவுல தாங்கிப் பிடிக்கணும், குதிகால அசையாமப் பிடிக்கணும். மெத்துன்னு இருந்து பிரயோசனமில்ல. மெத்தையில தூங்கலாங்க, நடக்க முடியுமா?”

“நாம பொண்ணு பாக்க வந்தமா, சப்பாத்து விக்க வந்தமா?” என்றார் அவருடைய அம்மா.

போகும்முன் அவர் ஒரு பத்திரிகைத் தாளில் அத்தையின் பாதத்தை வரைந்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா, “பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்றார். அப்படிச் சொன்னால் சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று அம்மா எனக்கு விளக்கினாள். அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என்னை அவர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அத்தை வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறுமா ஆறுமா என்று கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கொழும்பு பஸ் கண்டக்டர் சந்திக் கடையில் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு ஜோடி அட்டை. சாம்பல் நிறம், குதிகால் பக்கம் அகப்பை மாதிரிக் குழிந்து, நடுவில் மேடாக இருந்தது. நான் கட்டைவிரலால் அமுக்கினேன். அமுங்கவில்லை.

“அத்த, கல்லு மாதிரி இருக்கு. ஏமாத்திட்டாரு.”

அத்தை மாலைவரை காத்திருந்தாள். புண்ணில் துணி சுற்றி, தடித்த மேஸைப் போட்டு, அட்டையை வைத்து, கயிற்றை இறுக்கினாள். கோயில் மேட்டுக்கு ஏறினோம். இறங்கும்போது பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“வலிக்குதா?”

“இல்லடி. காலு இருக்கிறதே தெரியல” என்றாள். பிறகு என்னை விட்டுவிட்டு, அந்தச் சரிவில் குடுகுடுவென்று தனியாக இறங்கி ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. விடிந்ததும் மூன்று வெளிநாட்டுப் பெண்களோடு அத்தை மலை ஏறினாள். அப்பா அன்று ரோட்டோரம் இருந்த எங்கள் மரக்கறித் தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி, மண்வெட்டியோடு போய் நின்றார். நான் சாப்பாடு கொண்டுபோனபோது ஒரு பாத்திகூடக் கொத்தியிருக்கவில்லை. நானும் அவரோடு நின்றேன். பனிமூட்டம் மலையை மூடிவிட்டது. நேரம் போகப் போக அப்பா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் முதலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அத்தையின் நீல மழைக்கோட்டு தெரிந்தது. முதுகில் ஒரு பை, மார்பில் ஒரு பை. ஒரு பெண் கால் பிசகி, அத்தையின் தோளைப் பிடித்தபடி வந்தாள். அத்தை ஒவ்வொரு படியாக இறங்கினாள், வழுக்கவில்லை, நொண்டவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் நின்ற கிழவர், “யாரது, நம்ம புள்ளையா?” என்று கேட்டார்.

“என் தங்கச்சி. கைட்டு” என்றார் அப்பா. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய் அத்தையிடமிருந்து ஒரு பையை வாங்கிக்கொண்டார்.

அத்தைக்கு வேலை உறுதியாயிற்று. ஆனால் பார்சல்கள் நிற்கவில்லை. மழைக்கு ஒன்று வந்தது. பாரம் தூக்கும்போது போட ஒன்று வந்தது. பிறகு காரணமே சொல்லாமல் ஒன்று வந்தது. எங்கள் லயத்துக்கு மேலே, போனில் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறை உண்டு. மாலையில் அத்தை அதன்மேல் நின்று கொழும்புக்குப் பேசுவாள். “குதிகால் நல்லாயிருக்குங்க, விரல் பக்கம்தான் லேசா…” என்று தொடங்குவாள். சோறு வெந்து வடித்து ஆறும்வரை பேச்சு நடக்கும். ஒரு அட்டையைப் பற்றிப் பேச இவ்வளவு இருக்கிறதா என்று நான் வியந்திருக்கிறேன்.

அடுத்த பார்சலும் வந்த அன்று என் கருத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு சீக்கிரம் தேயுதே. மட்டமான சாமான் அனுப்புறாருன்னு நெனைக்கிறேன்.”

அம்மாவுக்குப் புரையேறியது. அத்தை தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டாள். அப்பா நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, “நான் வேணும்னா நேர்ல போய்ப் பேசிட்டு வரவா?” என்றார்.

வெளியே தட்டு கழுவும் சத்தம் நின்றது. “போங்க” என்றாள் அத்தை. “ஆனா நான் மலைக்குப் போறத நிறுத்தச் சொல்லக் கூடாது. அத மொதல்ல பேசிட்டு, மத்தது பேசுங்க.”

“அவரு சொல்லமாட்டாரு. அவுங்க அம்மாவத்தான்…” என்றார் அப்பா.

“அவுங்க அம்மாவும் சரின்னுட்டாங்களாம்” என்றது வாசல்.

மறுநாள் காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நானுஓயாவுக்குப் புறப்பட்டார். நான் பஸ் வரும் சந்திவரை கூடப் போனேன். “விடாதீங்கப்பா, நல்லதா மாத்தித் தரச் சொல்லுங்க” என்றேன். அவர் என் தலையில் கையை வைத்து, சொல்வதாகச் சொன்னார். பஸ்ஸில் ஏறியபோது அம்மா கொடுத்துவிட்ட பையைக் கவனமாக மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். கடைக்காரரோடு சண்டை பிடிக்கப் போகிறவருக்கு வாழைப்பழம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.