வண்டியா, வூடா?

“வண்டியா, வூடா?” என்று கேட்டுக்கொண்டே ரோஜா பஞ்சை உருட்டுகிறாள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் உடைந்த பல் ஒவ்வொன்றும் எப்படி உடைந்தது என்று அவளுக்குத் தெரியும் என நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுகிறேன். கொஞ்சம் அதிகம்தான். ஒலக்கூர்ப் பக்கம் ஓரிரு பல் தவறியிருக்கலாம்.

திண்டிவனத்தில் மாடியில் இருக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரம்மாவுக்கு உதவியாள். என் பல் செட் ஆடத் தொடங்கியதிலிருந்து நான் அங்கே வாடிக்கை. ஊரே மாஸ்க்கைக் கழற்றி எறிந்த பிறகும் ரோஜா கழற்றவில்லை. டீயைக்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் குடிப்பாள்.

கொரோனாவுக்கு முன்னால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வந்தவர்கள் எல்லாம் வண்டிதான். முகூர்த்த நாளுக்கு மறுநாள் வரிசை படிக்கட்டில் இறங்கி நிற்குமாம். பைபாஸில் விழுந்து, உதட்டில் ஜல்லி ஒட்டியபடி. ஊரடங்கில் ரோடு காலியானதும், இனி நமக்கென்ன வேலை என்றாராம் டாக்டரம்மா. ஆனால் ஆட்கள் வந்தார்கள். ஏணியில் ஏறி ஓடு மாற்றப்போன குமாஸ்தா வந்தார். மொட்டை மாடியில் பட்டம் விட்ட பிள்ளைகள் வந்தார்கள். பாத்ரூமில் வழுக்கியவர்கள், கட்டில் காலில் இடித்துக்கொண்டவர்கள். அப்புறம், பல்லைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு, படியில் விழுந்தேன் என்று சொன்ன பெண்கள்.

“படியில வுழுந்துட்டேன்னுது ஆயா ஒரு பொண்ணு. எங்க தெருதான். அவ வூட்டுல ஏது படி? வாசக்கல்லுகூட கெடையாது,” என்றாள் ரோஜா என்னிடம். அந்தப் பெண் வந்துபோன அன்றுதான் கேள்வியில் ‘வூடா’ சேர்ந்ததாம்.

கேட்கும்போது அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கண் பஞ்சிலேயே இருக்கும். வீடு என்று பதில் வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, துணைக்கு வந்த ஆம்பிளையிடம் மிக மரியாதையாக, “நேரம் ஆவும்ங்க. கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்க,” என்பாள். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைப்பாள். குரங்கு அறைந்து என் பல் போனதாக நான் ஒருமுறை கதைவிட்டபோது, “அந்தக் கொரங்குக்கும் உங்களுக்கும் கல்யாணம் ஆயி எத்தினி வருசம் ஆயா?” என்றாள்.

அவளுக்கும் முன்பல் ஒன்று இல்லை, டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்துப் பல் கறுத்து ஆடுகிறது. இன்னும் விட்டால் அதுவும் போய்விடும், உட்காரு, சரிசெய்து தருகிறேன் என்று டாக்டரம்மா கூப்பிடும்போதெல்லாம், “பாத்துக்கலாம் மேடம்,” என்று கருவிகளைக் கழுவப் போய்விடுவாள். பல் ஆஸ்பத்திரிக்காரிக்கே ஊசி பயமா என்று நான் கேலி செய்திருக்கிறேன். பல் போன கதையை மட்டும் வெகு அழகாகச் சொல்வாள். முதல் ஊரடங்கு, ஒலக்கூர்த் திருப்பம், ஸ்கூட்டியில் வரும்போது குறுக்கே ஒரு நாய். பையிலிருந்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ரோடெல்லாம் சிதறியது வரைக்கும் சொல்வாள். எனக்கே பொறாமையாக இருக்கும்.

போன வாரம் சாயங்காலம் அவளுடைய அம்மா சவுரியம்மாள் வந்திருந்தார். மகள் வீட்டோடு இருப்பவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேசக்கூடாது என்று மகள் போட்ட உத்தரவுக்கு அடங்கி, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே ஹாரன் அடித்தது. ரோஜாவின் வீட்டுக்காரர் கோபி, இருவரையும் கூட்டிப்போக அந்த ஸ்கூட்டியில் வந்திருந்தார்.

சும்மா இருக்கமாட்டாமல் நான் கேட்டேன். “ஏண்டி, ஊரையெல்லாம் கேக்கறியே, உன்னுது வண்டியா, வூடா?”

“கீழ நிக்குதே, அதே வண்டிதான் ஆயா,” என்று சிரித்தாள். கண் பஞ்சில் இருந்தது.

சவுரியம்மாள் வாயிலிருந்த பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பஞ்சு சிவந்திருந்தது.

“வண்டி இல்லீங்கம்மா,” என்றார் என்னிடம். “மாப்ள ஊரு சுத்தப் போயி, அந்த வண்டிய போலீசு புடிச்சி வச்சிக்கினாங்க. ஊரடங்கு முடியிற வரைக்கும் ஸ்டேசன்லதான் கெடந்துது. வூடுதான். நான் அடுப்பாண்டதான் குந்திக்கினு இருந்தன்.”

எனக்கு என் பல் செட்டை வாயில் வைத்துக்கொண்டிருக்கவே கூச்சமாக இருந்தது. உள்ளே டாக்டரம்மா கையிலிருந்ததைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

ரோஜா எழுந்து வந்து, உருட்டி முடித்த பஞ்சை அம்மாவின் வாயில் வைத்தாள். கடிச்சிக்கோ என்று தாடையை மெல்ல அழுத்தினாள். கீழே மறுபடி ஹாரன்.

“ஆயா, நீங்க போயி அவர டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க. நேரம் ஆவும்,” என்று சொல்லிவிட்டு, மாஸ்க்கை ஒரு காதிலிருந்து கழற்றிக்கொண்டே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.