உப்படைத்த எஞ்சின்

அறுபதுகளின் நடுவில் நாங்கள் கிள்ளையில் இருந்தோம். உப்பங்கழியில் இறால் பிடிப்பவர்களிடம் வாங்கிப் பரங்கிப்பேட்டைக்குப் படகில் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். கோல் ஊன்றி ஊன்றித் தோள் விட்டுப்போனதால், படகின் பின்பக்கம் மாட்டுகிற சின்ன பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். என் மனைவியின் தாய்வீடு பரங்கிப்பேட்டை. எஞ்சின் வந்த பிறகு, நினைத்தால் புறப்பட்டுப் போய் உம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள்.

அந்த எஞ்சினுக்கு ஒரு பத்தியம் உண்டு. கழித்தண்ணீரை உறிஞ்சித்தான் அது தன் சூட்டை ஆற்றிக்கொள்ளும். உறிஞ்சிய தண்ணீரை ஒரு சிறு துளை வழியாக வெளியே பீச்சும். உப்புத்தண்ணீர் உள்ளேயே காய்ந்தால் வழி அடைத்துப்போகும். அதனால் ஓட்டி முடித்ததும் கழற்றிக்கொண்டு வந்து, நல்ல தண்ணீர் உள்ள பீப்பாயில் இறக்கிச் சற்று நேரம் ஓடவிட வேண்டும். பீப்பாயை நிரப்பி வைப்பது அவள் வேலை. ஓடவிடுவது என் வேலை.

அந்தக் கார்த்திகையில் மழை விடவேயில்லை. தினமும் தொப்பலாக நனைந்து வருவேன். எஞ்சினை மூலையில் சாய்த்துவிட்டு, நாளைக்கு ஓடவிடலாம் என்று படுத்துவிடுவேன். இப்படியே ஒரு வாரம் போயிற்று.

ஒரு நாள் காலையில், மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் படகுக்காரர் கரையில் நின்றபடியே சொன்னார்:

"உம்மா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுதுட்டு எடுக்குறாங்களாம். ரோடெல்லாம் தண்ணி. பஸ்ஸு ஓடல. படகுலயே வந்துடுங்க."

என் மனைவி அழவில்லை. துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் வந்து படகில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கம் செய்கிற இடத்துக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து தூக்குவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் முகம் பார்க்கலாம். எஞ்சின் ஓடினால் ஒரு மணி நேரம். நடுப்பகல் தொழுகையான லுஹருக்கு நிறைய நேரம் இருந்தது.

பாதி வழியில் காந்தல் வாடை வந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எஞ்சின் ஒரு தரம் உறுமி நின்றது. கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் குழாயைப் பிடுங்கி ஊதிப் பார்த்தேன், பெட்ரோல் வந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம்தான் தண்ணீர் பீச்சும் துளையைப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக அடைத்திருந்தது. புறப்பட்டபோதே தண்ணீர் வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"என்னா?" என்றாள்.

"உப்பு அடைச்சிருக்கு."

"பீப்பாயில ஓட விட்டீங்களா?"

"இல்ல."

"எத்தினி நாளா?"

"ஒரு வாரமா."

அவள் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி என்னிடம் நீட்டினாள். எஞ்சினைத் தூக்கிச் சாய்த்துத் துளையைக் குத்தினேன். வாயை வைத்து ஊதினேன். உப்புக்கட்டி பொடிந்து நாக்கில் கரித்தது. சூடு ஆறக் காத்திருந்து மறுபடி இழுத்தேன். ஓடியது. தண்ணீரும் நூல்போல வந்தது. ஆனால் சத்தத்தில் பழைய கனம் இல்லை. ஒரு திருப்பம் தாண்டுவதற்குள் மறுபடி நின்றது. சூட்டில் உள்ளே பிஸ்டன் கெட்டுவிட்டது. இனி நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

கோலை எடுத்தேன். வெள்ளாற்றில் வெள்ளம் எதிரே வந்தது. அவளும் துடுப்பை எடுத்து வலித்தாள். மழையில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் தெருவுக்குள் நுழையும்போது ஆண்கள் உடலைச் சுமக்கும் சந்தூக்கை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மச்சான் தன் அக்காவிடம் ஓடிவந்தார்.

"லாத்தா, ரொம்ப நேரம் பாத்தோம் லாத்தா. தோண்டுன குழியில தண்ணி ஊறிக்கிட்டே இருந்திச்சு. அதுக்கு மேல வெக்க முடியல."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏன் மச்சான் இவ்ளோ நேரம்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "எதுத்தாப்புல வெள்ளம்டா. மச்சான் என்னா செய்வாங்க."

அன்று அந்த வீட்டில் நான் தலை நிமிரவில்லை. உள்ளே அவள், உம்மாவின் மையத்தைக் குளிப்பாட்டிய பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "முகம் எப்புடி இருந்திச்சு? வாய் மூடியிருந்திச்சா? கண்ணு?" அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, முதலிலிருந்து மறுபடியும் கேட்டாள்.

வெள்ளம் வடிந்ததும் எஞ்சினைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போனேன். பட்டறைக்காரர் பிரித்து, கீறல் விழுந்த பிஸ்டனை என் கையில் வைத்தார். "தண்ணி காட்டாம ஓட்டியிருக்கீங்க," என்றார். யாராவது அதைச் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்திருக்க வேண்டும். அந்தப் பட்டறை பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், வேறு பிஸ்டன் போட்டால் சரியாகிவிடும் என்றார்.

சரியாகத்தான் ஆயிற்று. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்கு அதே எஞ்சினில்தான் போனோம். மச்சான் உம்மாவின் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி அவளிடம் கொடுத்தார். திரும்பும்போது அவள் படகின் முன்னால், எனக்கு முதுகைக் காட்டி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு தாண்டிக் கழிக்குள் நுழைந்ததும் அவள் தோள் குலுங்கியது. வாய்விட்டு அழுதாள். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். எனக்குக் கேட்டது. வேகத்தைக் குறைத்தால் சத்தம் அடங்கும், அவளும் அடங்கிவிடுவாள். கரை வரைக்கும் நான் குறைக்கவில்லை.