மாடியில் ஒரு வரிசை

கல்யாணமாகி ஜீவனஹள்ளிக்கு வந்த பிறகு எனக்குப் பள்ளிவாசல் என்பது பாங்குச் சத்தம் மட்டும்தான். பிறந்த ஊரில் பெண்களுக்கென்று தனித் தொழுகைக் கூடம் இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டமாகப் போவோம். இங்கே வெள்ளிக்கிழமை மதியம் கணவர் அத்தர் பூசிக்கொண்டு கிளம்புவார். நான் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாயை விரிப்பேன். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தேனோ இல்லையோ, குக்கர் விசிலடிக்கும்.

எனக்கு வரிசை வேண்டியிருந்தது. பள்ளிவாசலில் வேறென்ன இருக்கிறது? கும்பிட உருவம் கிடையாது. மேற்குச் சுவரில் மிஹ்ராப் என்று ஒரு குழிவான மாடம். அதற்குள்ளும் ஒன்றும் இல்லை, எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று மட்டும் காட்டும். பக்கத்தில் இமாம் பிரசங்கம் செய்ய ஏறி நிற்கும் மிம்பர் படி, தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யக் குழாய்கள், மற்றபடி வெறும் பாய். தோளோடு தோள் உரச நிற்பதற்குத்தான் அந்த இடமே. அதைத்தான் எனக்கு இல்லை என்றார்கள்.

எங்கள் தெருப் பள்ளிவாசல் சின்னது. அதன் மாடியறையில் மையித்தை அடக்கத்துக்குத் தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டியும் நோன்புக் கஞ்சி அண்டாக்களும் கிடந்தன. ஏறுவதற்கு வெளியே தனிப் படிக்கட்டு. அண்டாவுக்கு இருக்கிற இடம் எனக்கு இல்லையா என்று எரிச்சல் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த முத்தவல்லியிடம் போய் நின்றேன்.

"வூட்ல தொழுதா உங்களுக்கு நன்மை ஜாஸ்தி மா," என்றார்.

"ஜாஸ்தியாவே இருக்கட்டும் பாய். வரக்கூடாதுன்னு எங்க இருக்கு?"

கணவருக்குத்தான் சங்கடம். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். இறங்க வேண்டிய ஸ்டாப்பை பஸ் தாண்டிப் போனாலும் கண்டக்டரைக் கூப்பிட மாட்டார். அடுத்ததில் இறங்கி நடந்து வருவார். "நீ இப்பிடிச் சண்ட போட்டா நான் எப்பிடி அவங்க கூட நிக்கிறது?" என்று கேட்டார்.

"நீங்க நின்னுட்டுதான இருக்கீங்க. நான்தான நிக்கல," என்றேன்.

நான் விடவில்லை. பல வாரம் நடையாய் நடந்த பிறகு முத்தவல்லி இறங்கி வந்தார். "ஒரு வெள்ளிக்கெழம பாக்கலாம். ஏதாச்சும் கலாட்டா ஆச்சு, பூட்டு போட்டுடுவேன்."

அண்டாக்களை ஓரங்கட்டித் தரையைக் கழுவினோம். அறையின் சுவர் தெருவின் போக்கில் கட்டியது, திரும்பி நின்று தொழ வேண்டிய கிப்லா திசை அதற்குக் கோணலாக இருந்தது. சாக்பீஸால் கோடு போட்டுப் பாய்களைச் சாய்வாக விரித்தோம். மேலிருந்து இமாமைப் பார்க்க முடியாது என்பதால் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மாட்டினார்கள். அதில் வரும் "அல்லாஹு அக்பர்" என்ற குரலைக் கேட்டுத்தான் நாங்கள் குனியவும் நிமிரவும் வேண்டும். கூட்டுத் தொழுகையில் யாரும் இமாமை முந்தக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை முதல் ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்தோம். கரண்ட் போய்விட்டது.

மூன்று தடவை சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். மறுபடி சொன்னேன், மறுபடியும் சொன்னேன். பெட்டியில் மூச்சில்லை. தலையைத் தூக்கினால் இமாமை முந்திவிடுவோமோ என்று பயம். தூக்காவிட்டால் அவர் எதுவரை போய்விட்டாரோ என்று அதைவிடப் பயம். யாருக்கோ சிரிப்பு வந்தது, யாருக்கோ அழுகை. கடைசியில் ஒருத்தி நின்றுகொண்டும் ஒருத்தி உட்கார்ந்துகொண்டும் ஆளுக்கொரு நிலையில் இருந்தோம். கீழே செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் தொழுகை முடிந்துவிட்டதென்று தெரிந்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

படிக்கட்டின் கீழே முத்தவல்லி பூட்டும் கையுமாக நின்றார். என் கணவர் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"பாத்தியா மா? இதுக்குத்தான் சொன்னேன்."

"மைக் வர்றதுக்கு முன்னாடி பெரிய பள்ளிவாசல்ல பின்வரிசைக்கு எப்பிடிக் கேட்டுச்சு பாய்?"

அவருக்குத் தெரியாததா? இமாம் சொல்வதை நடுவில் ஒருவர் நின்று உரக்கத் திருப்பிச் சொல்வார்.

"சொல்லலாம் மா. ஆனா கடைசி வரிசையில, இந்தப் படிக்கட்டு வாசல்ல நின்னு சொல்லணும். மொதல் வரிசைய விட்டுட்டு எவன் இங்க வந்து நிப்பான்?"

நியாயமான கேள்விதான். முதல் வரிசைக்கு நன்மை அதிகம். என் கணவரே பாங்குக்கு வெகு முன்னால் போய் இமாமுக்கு நேர் பின்னால் இடம் பிடிப்பவர். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கேட்டதுபோல் ஆகிவிடும்.

"யாரும் நிக்கலன்னாலும் அடுத்த வாரம் வருவோம் பாய். பூட்டியிருந்தா படியிலயே நின்னு தொழுவோம்," என்றேன்.

வந்தோம். கதவு திறந்திருந்தது, சொன்னால் செய்துவிடுவாள் என்று முத்தவல்லி பயந்திருப்பார். அன்றைக்குக் கரண்டும் இருந்தது. பெட்டியில் இமாமின் குரல் கணீரென்று கேட்டது. அதன் பின்னாலேயே, கீழே படிக்கட்டு வாசலிலிருந்து, தேவையே இல்லாமல் இன்னொரு குரல் "அல்லாஹு அக்பர்" என்றது. பிசிறடித்த குரல். அது அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

சுஜூதில் கிடந்தபடி அழுதேன். பெட்டி சொன்னதும் மற்றவர்கள் எழுந்தார்கள். நான் எழவில்லை, அவர் சொல்லட்டும் என்று காத்திருந்து, அதன் பிறகு நிமிர்ந்தேன்.