ஏழு பஸ்களை நிறுத்திய சவல்

1. நாற்பத்திரண்டு படி

வேலைக்குப் போன முதல் நாள் தவராசா அண்ணை என் கையில் மூன்று சாமான்களைத் தந்தார். பனி அள்ளுவதற்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் சவல், ஒரு வாளி உப்பு, ஒரு விளக்குமாறு. பிறகு ரயில் நிலையத்தின் படிக்கட்டைக் காட்டினார்.

"நாப்பத்திரண்டு படி. எவ்வளவு ஸ்னோ கொட்டினாலும் படி கறுப்பாத் தெரியவேணும். வெள்ளை தெரிஞ்சா சனம் வழுக்கும். சனம் வழுக்கினா எனக்கு ஃபோன் வரும். எனக்கு ஃபோன் வந்தா உனக்கு வேலை இல்லை. விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை."

அன்று முழுவதும் நான் கதைத்தது அந்த இரண்டு சொற்கள்தான்.

தவராசா அண்ணை துப்புரவு கொன்ட்ராக்ட் எடுத்திருந்த கொம்பனியின் சுப்பர்வைசர். லாசாலில் நாங்கள் இருந்த அதே கட்டிடத்தில் மேல்மாடியில் இருந்தார். அதுவரை நான் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் சமையலறையில் ஏழு வருடம் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டோடு முடிந்துவிடும். தமிழிலேகூடப் புது ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. சட்டிகள் கேள்வி கேட்பதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்தித்தான் இருந்தது. ஆனால் அங்கே யன்னல் இல்லை.

இந்த நிலையம் அப்படியே அதற்கு எதிர். ஆறு வரிசையில் கார் ஓடும் பெரிய வீதிக்கு மேலே, கொங்கிறீட் தூண்களில் நிற்கிறது ரயில் மேடை. அதற்கு நேர் கீழே ஏழு பஸ் தரிப்பிடங்கள். காலையில் ரொக்ஸ்பரோ பக்கத்துச் சனம் ரயிலில் வந்து, படியால் இறங்கி, கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பஸ் பிடிக்கும்.

முதல் நாள் மேடையில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது சூரியன் எழும்பியது. ஏழு வருடத்தில் வேலை நேரத்தில் நான் கண்ட முதல் சூரியன் அது. உப்பு வாளியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் ஆறு மாதம் தற்காலிகத் தவணை, அதற்குள் முறைப்பாடு வராவிட்டால் நிரந்தரம் என்று அண்ணை சொல்லியிருந்தார். எப்படியாவது இந்த இடத்தில் நிலைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

2. அரை நிமிடம்

ஒரு கிழமை போனபிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

பஸ்கள் மணிக்கூட்டின்படி புறப்படும். ரயில் அநேகமாக ஒரு நிமிடம் பிந்தி வரும். பஸ் சாரதிகள் மேடைக்குக் கீழே இருப்பதால் ரயில் வருவதைக் காண மாட்டார்கள். வீதி இரைச்சலில் சத்தமும் கேட்காது. சனம் இறங்கி ஓடி வரும்போது பஸ்ஸின் பின்பக்கச் சிவப்பு விளக்குத்தான் தெரியும். அடுத்த பஸ் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு. தவறுவதோ அரை நிமிடத்தால்.

தினமும் முன்னால் ஓடி வந்து தினமும் தவறவிடுகிறவர் செல்வி அக்கா. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் படுக்கை மாற்றுகிற வேலை. என் முகத்தைப் பார்த்தே தமிழ் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, நீர் மேல நிண்டு ரெயின் வாறதை எல்லாருக்கும் முதல் காணுறீர். கீழ நிக்கிறவங்களுக்கு ஒருக்கா கத்திச் சொன்னா என்ன?"

நான் சிரித்தேன்.

"சிரிப்பை வைச்சு நான் என்ன செய்ய? வாய் இருக்குத்தானே?"

வாய் இருந்தது. ஆனால் ஆறு வரிசைக் கார் இரைச்சலுக்கு மேலே, தெரியாத மொழியில், தெரியாத மனிதர்களைப் பார்த்துக் கத்துவது என்னால் ஆகிற காரியமா?

3. சவல் நிமிர்ந்தது

தொடங்கியது தற்செயலாகத்தான். ஒரு நாள் விடியவே நல்ல பனி. மேடையின் ஓரக் கம்பியருகே பனியைக் குவித்து, கையுறை மாற்றுவதற்காகச் சவலைத் தலைகீழாகக் குவியலில் குத்தி நிறுத்தினேன். கீழே முதலாம் தரிப்பிடத்தில் புறப்படத் தயாராக இருந்த சாரதி தலையை நீட்டி மேலே பார்த்தார். நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, அதற்குள் ரயில் வந்துவிட்டது. சனம் இறங்கி அவருடைய பஸ்ஸில் ஏறியது. செல்வி அக்கா ஏறும்போது மேலே பார்த்துக் கும்பிட்டார்.

அந்தச் சாரதியின் பெயர் ஜில். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய மீசை. அடுத்த நாள் புறப்பட முன் அவராகவே தலையை நீட்டினார். ரயில் ஒரு வளைவால் திரும்பித்தான் வரும். மேடையின் மேற்கு முனையில் நின்றால் அதன் விளக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே தெரியும். விளக்கைக் கண்டதும் சவலைக் கம்பிகளுக்கு இடையில் செருகி நிமிர்த்தினேன். அவர் பெருவிரலை உயர்த்தினார். சனம் இறங்கி முடிந்ததும் சவலைப் படுக்கவைத்தேன். அவர் புறப்பட்டார்.

ஒரு சொல் கதைக்காமல் ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. நிமிர்ந்தால் நில், படுத்தால் போ.

ஜில் மற்றச் சாரதிகளுக்கும் சொல்லியிருக்கிறார். மாத முடிவில் ஏழு பஸ்களும் என் சவலைப் பார்க்கத் தொடங்கின. சாரதிகள் எனக்குப் பெயரும் வைத்தார்கள்: 'மொசியு பெல்'. பெல் என்றால் பிரெஞ்சில் சவல். சவல் ஐயா! காலையில் ஏழு பேர் ஏழு யன்னலால் "போன்ஜூர் மொசியு பெல்!" என்று கத்துவார்கள். நான் கையை மட்டும் ஆட்டுவேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "கலியாணம் கட்டின நாளில இருந்து நான் கூப்பிட்டு ஒருநாளும் இப்பிடிச் சந்தோசமாத் திரும்பிப் பார்த்ததில்லையே" என்றாள்.

4. பிழை

என் தவணை முடிய ஒரு கிழமை இருந்தபோது உறைமழை பெய்தது. மழையாக விழுந்து நிலத்தில் கண்ணாடியாக உறைகிற மழை. பனியைவிட அது பொல்லாதது.

வளைவில் ரயிலின் விளக்கைக் கண்டு சவலை நிமிர்த்தினேன். அதே நேரம் எதிர்ப்பக்கத்து ரயிலில் வந்த ஒரு தாய், இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு படியின் மேலே நின்றாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை, படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வண்டியின் முன்பக்கத்தை நான் தூக்கினேன். கீழே இறங்கினால் நடைபாதை முழுக்கக் கண்ணாடி. வீதியைக் கடந்து, குழந்தைகள் காப்பகத்தின் வாசல்வரைக்கும், ஒவ்வொரு அடிக்கும் உப்பை வீசி வீசிக் கொண்டுபோய் விட்டேன். "மெர்சி, மெர்சி" என்றாள். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

திரும்பி வந்தால் ஏழு தரிப்பிடத்திலும் ஏழு பஸ்கள், என்ஜின் உறுமிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இன்னும் பஸ்கள், அவற்றுக்குப் பின்னால் கார்கள், பெரிய வீதிவரைக்கும். பஸ்ஸில் இருந்த சனம் இறங்கி நின்று மேலே பார்க்கிறது. சாரதிகளும் மேலே பார்க்கிறார்கள். என்ன அதிசயம் என்று நானும் அவர்களோடு நின்று மேலே பார்த்தேன்.

மேலே என் சவல் நிமிர்ந்து நின்றது.

"மொசியு பெல்!" என்று ஜில் யன்னலால் கத்தினார். "ரெயின் எங்கை?" பிரெஞ்சில் கேட்டாலும் அது எனக்கு விளங்கியது.

ரயில் அந்த வளைவிலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்தில் ஐஸ். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நாற்பத்திரண்டு படியையும் நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. சவலைப் படுக்கவைத்ததும் ஏழு பஸ்களும் ஒன்றாகப் புறப்பட்டன. பதினொரு நிமிடம் நின்றிருக்கின்றன. அந்த வரிசையின் வாலில் சிக்கியிருந்த ஒரு நீலக் கார், பஸ் நிலையத்துக்குப் பொறுப்பான பெண் அதிகாரியுடையது; அவரை எல்லாரும் மதாம் என்பார்கள்.

5. விசாரணை

அடுத்த நாள் மதாமின் அறைக்கு அழைப்பு வந்தது. அவருக்கு முன்னால் ஜில்லும் வேறு இரண்டு சாரதிகளும் நின்றார்கள். தவராசா அண்ணை எனக்கு மொழிபெயர்க்க வந்திருந்தார். கதவடியில் வைத்தே சொல்லிவிட்டார்: "நீ வாயைத் திறக்காதை. அது உனக்குக் கஷ்டமில்லைத்தானே. நான் கதைக்கிறன்."

மதாம் மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. அவர் பிரெஞ்சில் சொன்னதை அண்ணை என் காதில் சொன்னபடி எழுதுகிறேன்.

"பதினொரு நிமிசம் நிக்கச் சொன்னது ஆர் எண்டு கேக்கிறா."

சாரதிகள் மூவரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். "ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் ஜில்.

"ஒருத்தரும் சொல்லாமல் ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில நிக்கவேணும் எண்டு தோன்றினதோ எண்டு கேக்கிறா."

"ஐஸ்" என்றார் ஜில்.

அண்ணை இடையில் புகுந்து, சவல் ஈரமாக இருந்ததால் காயவைத்திருந்தது என்று ஏதோ சொன்னார். உறைமழையில் சவல் காயவைத்த கதையை மதாம் நம்பவில்லை. பேனாவை எடுத்தார். மூன்று சாரதிகளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் போகும் என்று அண்ணை முணுமுணுத்தார்.

எனக்கு விளங்கியது. பேசாமல் நின்றால் என் பெயர் எங்கேயும் வராது. கிழமை முடிய நிரந்தரமாகிவிடுவேன். கதைத்தால் மறுபடி அந்த யன்னலில்லாத சமையலறை. ஜில்லைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நின்றார், பார்த்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று.

நான் அறையை விட்டு வெளியே போனேன். "டேய், எங்கை போறாய்?" என்றார் அண்ணை. வாசலில் சாய்த்திருந்த சவலை எடுத்துக்கொண்டு வந்து மதாமின் மேசைக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தேன். பிரெஞ்சில் "ரயில்" என்றேன். படுக்கவைத்தேன். "மெர்சி, போகலாம்" என்றேன். பிறகு நெஞ்சில் கை வைத்து, தெரிந்த நாலு சொல்லையும் சேர்த்து, "என் சவல், என் பிழை" என்றேன்.

சாரதிகள் சிரித்துவிட்டார்கள். அண்ணை நெற்றியில் கை வைத்தார். மதாம் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"நாளையில இருந்து சவல் நிமிரக்கூடாதாம். உன்ரை வேலையைப் பற்றி வெள்ளிக்கிழமை சொல்லுவாவாம்."

வெளியே வந்ததும் அண்ணை வெடித்தார். "ஆறு மாசமா வாய் திறக்காத மனுசன், இண்டைக்குத்தானோ திறக்கவேணும்?"

6. படுத்திருந்த சவல்

அடுத்த நாள் காலை மதாம் கையில் மணிக்கூட்டோடு கீழே முதலாம் தரிப்பிடத்தில் நின்றார். நீலக் கோட்டு. நான் மேலே மேற்கு முனையில் நின்றேன். சவல் என் காலடியில் படுத்திருந்தது.

வளைவில் விளக்குத் தெரிந்தது. என் கை தானாகச் சவலை நோக்கிப் போனது, பிறகு நிறுத்திக்கொண்டேன். கீழே நேரம் ஆனதும் ஏழு பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ரயில் வந்தது. சனம் இறங்கி ஓடியது. காலியான தரிப்பிடங்களைக் கண்டு நின்றது. செல்வி அக்கா அண்ணாந்து பார்த்துக் கத்தினார்:

"தம்பி! சவலுக்கு என்ன, சுகமில்லையோ?"

நான் கையை விரித்து, நீலக் கோட்டைக் கண்ணால் காட்டினேன். அக்காவுக்குப் போதுமானது. நேரே மதாமிடம் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ், இன்னும் எனக்குத் தெரியாத பாஷைகள், எல்லாம் கேட்டன. ஒவ்வொருவரும் மேலே என் பக்கம் கையைக் காட்டிக் காட்டிக் கதைத்தார்கள். எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மதாம் கம்பியைப் பிடித்துப் பிடித்து நாற்பத்திரண்டு படியும் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. என் பக்கத்தில் வந்து நின்றார். அடுத்த ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டு பேரும் வளைவைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றோம். எனக்கு அது வசதியாக இருந்தது. இடையில் அவர் படியை எட்டிப் பார்த்தார். படி கறுப்பாகத்தான் இருந்தது.

விளக்குத் தெரிந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், கீழே பஸ்களைப் பார்த்தார். பிறகு நாடியை நீட்டிச் சவலைக் காட்டினார்.

நிமிர்த்தினேன்.

கீழே, அடுத்த சுற்றுக்குத் திரும்பி வந்திருந்த ஜில் தலையை நீட்டினார். நிமிர்ந்த சவலையும் அதன் பக்கத்தில் நின்ற நீலக் கோட்டையும் கண்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். அப்போதுதான் மதாம் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை நிரந்தரக் கடிதம் வந்தது. தவராசா அண்ணை வாசித்துக் காட்டினார். பனி அகற்றுதல், உப்பிடுதல், குப்பை அகற்றுதல் என்று போய், கடைசி வரியில் 'ரயில் வருகையைச் சாரதிகளுக்கு அறிவித்தல்' என்று இருந்தது. அண்ணை அந்த வரியை மூன்று தரம் வாசித்தார். "கதைக்கமாட்டாதவனுக்கு அறிவிக்கிற வேலை. நல்ல நாடு இது" என்றார்.

கோடையில் சவல் இல்லை, விளக்குமாற்றை நிமிர்த்தினேன். அடுத்த குளிர்காலத்துக்கு முன் மேடைக்குக் கீழே மஞ்சள் விளக்கொன்று பூட்டி, அதற்குரிய சுவிட்சை மேற்கு முனையில் வைத்தார்கள். முதல் முறை அதைப் போடும்போது செல்வி அக்கா கீழே நின்று கைதட்டினார். ஆனால் ஜில் ஓய்வு பெறும்வரைக்கும் விளக்கைப் பார்த்த பிறகும் ஒருமுறை அண்ணாந்து சவலைத் தேடுவார். அவருக்காக அதையும் நிமிர்த்தி வைப்பேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மேடையை விட்டு இறங்கும்போது, எவ்வளவு அவசரமென்றாலும், எவ்வளவு நல்ல காரியத்துக்கென்றாலும், சவலைப் படுக்கவைத்துவிட்டு இறங்குங்கள். கீழே ஏழு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.