ஏழாம் இலக்க ஜேர்சி

வேறொருத்திக்குக் கிடைக்கவேண்டிய இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். தெரியாமல் நடந்ததன்று... தெரிந்தே! அந்த இடத்தில் இருந்துதான் படித்தேன், பட்டம் பெற்றேன், இன்று சம்பளமும் வாங்குகிறேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. சொல்லவேண்டியவளிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மழையைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ பேசிவிட்டு வந்துவிடுவேன்.

கித்துல்கலைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். எங்கள் தோட்டப் பாடசாலையில் ஹொக்கி ஆடினோம் என்றால் கொழும்பில் இன்றும் சிலர் சிரிப்பார்கள். எங்கள் விளையாட்டு ஆசிரியர் எங்கெங்கோ கெஞ்சிப் பழைய மட்டைகளைக் கொண்டுவந்து எங்களை ஆடவைத்தார். காலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம்தான் மாலையில் எங்கள் மைதானம். அந்த மனிதர் இல்லையென்றால் நான் இல்லை. இதை எந்த மேடையிலும் சொல்வேன்!

மட்டை கிடைத்தது, ஜேர்சிதான் போதவில்லை. மைதானத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் சரியாக இருந்தது. ஒருத்தி வெளியே வந்தால், டீ சேர்ட்டுக்கு மேல் போட்டிருக்கும் ஜேர்சியைக் கழற்றி அடுத்தவளிடம் கொடுப்பாள். வியர்வை ஈரத்தோடு அதை மாட்டிக்கொண்டு அடுத்தவள் இறங்குவாள். எங்களுக்கு அது சாதாரண வழக்கம். வேறு எங்கும் அப்படி இல்லை என்பதே எங்களுக்குத் தெரியாது.

ஏழாம் இலக்கம் ரோசியுடையது. ரோஸ்மேரி... எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்தவள். என் வயதுக்காரி. மட்டையைக் கையில் எடுத்தால் அவளை யாராலும் பிடிக்க முடியாது. அவள் வெளியே வந்தால் அந்த ஏழாம் இலக்கத்தை மாட்டிக்கொண்டு இறங்குபவள் நான்.

அன்று வரக்காப்பொலையைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில், வசதியுள்ளவர்களின் பாடசாலையில், ஆட்டம். அவர்களுக்குப் பயிற்சிக்காக எங்களை அழைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் ஜேர்சியில் பெயரே அச்சிட்டிருந்தது! ஒருத்தியின் ஆட்டத்தை அவளுடைய அப்பா வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார். கொழும்பிலுள்ள தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்சியாளர் அவர்களைப் பார்க்க வந்திருந்தார். விளையாட்டுக்கான புலமைப்பரிசில் யாருக்கென்று அங்கே தேடுவார்கள். எங்களைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

முதல் பாதியில் ரோசி ஆடினாள்... அப்பப்பா! பெயர் அச்சிட்ட ஜேர்சிகள் எல்லாம் அவளுக்குப் பின்னால் ஓடின. கோலுக்கு மேல் கோல் போட்டாள். பாதி முடியும் நேரத்தில் பந்து கணுக்காலில் பட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். கால் வீங்கியது. ஆசிரியர் அவளை முச்சக்கரவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஏறுவதற்கு முன் ஜேர்சியைக் கழற்றி என்மேல் எறிந்தாள்.

"புடிடீ! நான் போட்டதெல்லாம் வீணாப் போயிராம பாத்துக்க!"

பார்த்துக்கொண்டேன். ஓடினேன், தடுத்தேன், ஒரு கோலும் போடவில்லை. அவள் போட்டவற்றால் வென்றோம்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினார்கள். நான் மட்டும் மட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பயிற்சியாளர் வந்தார். சிங்களத்தில் பேசினார். அரசாங்கப் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி இலவசமாகப் படிக்க இந்த முறை புலமைப்பரிசிலில் ஓரிடம் வைத்திருக்கிறோம், ஒரே இடம்தான் என்றார். பிறகு என் ஜேர்சியைக் காட்டினார்.

"ஹத ஒயா நேத?"

ஏழு நீதானே என்று கேட்டார். முதல் பாதியின் கடைசி கோலைச் சொல்லி, "ஹரி லஸ்ஸனய்!" என்று புகழ்ந்தார். ரொம்ப அழகாம்!

தூரத்தில் இருந்து பார்த்தவருக்கு இலக்கம்தான் தெரிந்திருக்கிறது. ரோசி அடிபட்ட நேரத்தில் அவர் தேநீருக்கு எழுந்து போயிருக்கவேண்டும். ஒரு ஜேர்சியை இரண்டு பேர் போடுவார்கள் என்று அவர் எப்படி நினைப்பார்?

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஸ்தூதியி, சேர்."

நன்றி என்றேன்! என் வாழ்க்கையிலேயே பெரிய பொய் அந்த நன்றிதான். அவர் என் பெயரைக் கேட்டார். என் பெயரையே சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பீர்கள். கஷ்டம் என்று சொல்லட்டுமா? ரோசி வீட்டில் மட்டும் என்ன கொட்டிக் கிடந்தது? பயம் என்று சொல்லட்டுமா? அந்த மனிதர் சிரித்த முகத்தோடு நின்றார். ஆசை... வெறும் ஆசை! ஓர் இடம் என்று கேட்டதும் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இடம் எனக்குத்தான் என்று சேதி வந்த நாளில் ரோசி நொண்டி நொண்டி ஓடிவந்தாள். இரண்டாம் பாதியை அவளும் பார்க்கவில்லை, ஆசிரியரும் பார்க்கவில்லை. நான் பிரமாதமாக ஆடியிருப்பேன் என்று இருவரும் நம்பிவிட்டார்கள்.

"நான் சொல்லல? உன் ஓட்டத்த பாத்தா எவனும் விடமாட்டான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஸ்கூல்ல இருந்து ஒரு புள்ள போறா. எனக்கு அது போதும்" என்றார்.

கிளம்பும்போது ரோசி தன் சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் காலில் மாற்றி மாற்றிப் போட்டு ஆடிய சப்பாத்து. "நீயே வச்சுக்கடி. இங்க மண்ணுல ஆடுறதுக்கு எனக்கு எதுக்கு?" என்றாள். அதையும் வாங்கிக்கொண்டேன்...

கொழும்பில் என் ஆட்டத்தைப் பார்த்துப் பயிற்சியாளரின் முகம் சுருங்கியது. ஆனாலும் கைவிடவில்லை. செயற்கைப் புல்தரை எனக்குப் புதிது, பழகட்டும் என்று மற்றவர்களிடம் சொன்னார். விடியற்காலையில் எனக்காகத் தனியாக வந்து நின்று சொல்லிக்கொடுத்தார். தனியார் கல்லூரியில் இருந்து வந்த பிள்ளைகள் என்னை ஏளனம் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருத்தி தன் முழங்கால் பட்டையைக் கேட்காமலே கொடுத்தாள். இன்னொருத்தி தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். நானும் கை கொப்பளிக்க ஆடினேன், ஆட்டக்காரி ஆனேன். அந்த உழைப்பு பொய்யில்லை. எல்லாருக்கும் நான் நன்றி உள்ளவள். சத்தியமாக!

ஆனால் ஒவ்வொரு நன்றியும் போய் முட்டும் இடம் ரோசி. அவளுக்கு மட்டும் நன்றி சொல்ல முடியவில்லை. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்?

இப்போது நான் அதே பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளர். ஆள் எடுக்க நானும் போகிறேன். தனியார் கல்லூரிகளில் இருந்து பிள்ளைகளின் வீடியோ முன்கூட்டியே வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை அனுப்புவதில்லை. அவர்களுக்கும் இடம் கேட்டு நான் சண்டை போடுவேன். இடைவேளையில் இறங்கிப்போய், யார் யாருடைய ஜேர்சியில் நிற்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேட்பேன். எனக்கு நல்ல மனசு என்கிறார்கள்...

போன மாதம் எங்கள் பாடசாலைக்குப் புது ஜேர்சி கொண்டுபோனேன், எல்லாப் பிள்ளைகளுக்கும். ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். காலையில் இறப்பர் மரத்தில் பால் வெட்டும் ரோசிதான், மாலையில் வந்து பிள்ளைகளைப் பழக்குகிறாள். அன்று எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

அவள் ஜேர்சிகளைச் சீமெந்துத் தரையில் வரிசையாகப் பரப்பினாள்.

"ஏழாம் நம்பரக் காணோமேடி?"

அச்சடிக்கும் கடையில் அந்த இலக்கம் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சொல்ல இதுதான் நேரம். வாயைத் திறந்தேன்.

"ரோசி, அந்த நம்பர்..."

அதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"புரிஞ்சிருச்சு! புள்ளைகளா, அது இந்த அக்காவோட நம்பரு. அத போட்டுத்தான் கொழும்புக்குப் போனாங்க. அதான் விட்டு வச்சிருக்காங்க. இனி நம்ம டீம்ல அத யாரும் போடக்கூடாது, சரியா?"

பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். எல்லாருக்கும் முன்னால், தன் இலக்கத்தைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தாள்.

நான் "நன்றி" என்றேன்.