கௌரியின் வயிற்றில் குடியிருந்தவர்கள்

எங்கள் குடும்பத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட ஒரே ஜீவன் கொட்டாஞ்சேனை மாமா வீட்டு மாடுதான். மற்ற எல்லாரும் மாமா, மாமி என்று உறவுமுறையோடு நின்றுவிட, அவள் மட்டும் கௌரி. கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா, வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் தகரக் கொட்டில் போட்டு அவளை வளர்த்தார். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வளர்ந்த எனக்கு, அந்த வீட்டுக்குப் போவதென்றால் தலைகால் புரியாது. அப்போது எனக்குப் பத்து வயது.

மாமாவுக்குக் கிருமிப் பைத்தியம் என்று மாமி சொல்லுவார். இவ்வளவு புல், இவ்வளவு புண்ணாக்கு, அதற்கு மேல் ஒரு கரண்டி ஈஸ்ட் தூள் என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார் மாமா.

"நாங்கள் மாட்டுக்குச் சாப்பாடு போடேல்லை பிள்ளை. அவளின்ர வயித்துக்குள்ள கோடிக்கணக்கில நல்ல கிருமி இருக்கு. நாங்கள் அதுகளுக்குப் போடுறம், அதுகள் அவளுக்குப் போடுதுகள்" என்பார்.

எங்கள் வீட்டில் கிருமி என்ற சொல் கேட்டாலே அம்மா வாளியும் துணியுமாகப் புறப்பட்டுவிடுவார். ஆகவே நல்ல கிருமி என்பது மாமாவின் பகிடிகளில் ஒன்று என்று நினைத்தேன்.

அந்த வருடம் பொங்கலோடு வார இறுதியும் சேர்ந்து வந்தது. பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். ஊரிலே என்றால் ஆளாளுக்கு மாடு இருக்கும், அவரவர் மாட்டுக்கு அவரவர் பொங்கிப் படைப்பார்கள். கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கையில் இருந்ததோ ஒரே ஒரு மாடு. புண்ணியம் தேடிய குடும்பங்களோ நாற்பதுக்கு மேல். மாமா வேலைக்குப் போயிருந்தார். நான் கேற்றடியில் நின்று வந்தவர்களை வரவேற்றேன். ஒவ்வொரு வீட்டுச் சர்க்கரைப் பொங்கலையும் வாழைப்பழத்தையும் வாங்கி வாங்கி ஊட்டினேன். கௌரியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு நான்தான் அந்த ஒழுங்கையின் ராணி!

மறுநாள் காலையில் கௌரி எழும்பவில்லை. வயிறு ஊதிக் கிடந்தது. வாய் அசையவில்லை, மடியில் பால் இல்லை. மாமா கொட்டிலுக்குள் அடுக்கிக் கிடந்த வாழையிலைகளைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை இவ்வளவத்தையும் குடுத்தது?"

"எல்லாரும் கொண்டு வந்தவை மாமா. நான்தான் ஊட்டினனான்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தலையைத் தடவினார். எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

கால்நடை டொக்டர் இளம் பெண். வாய்வழியாகக் குழாய் விட்டு, புளித்த பொங்கலை வாளி வாளியாக வெளியே எடுத்தார். அவ்வளவு சோறும் இனிப்பும் வயிற்றுக்குள் அமிலமாகிவிட்டதாம், நல்ல கிருமிகள் எல்லாம் செத்துவிட்டனவாம். அப்படியானால் மாமா சொன்னது பகிடி இல்லை! கோடிக்கணக்கில் குடியிருந்தவர்களை ஒரே பகலில் நான் கொன்றுவிட்டேன்.

"சுகமான மாடொண்டின்ர வயித்துத் தண்ணி கிடைச்சால் உள்ளுக்கு விடலாம். அந்தக் கிருமிகள் இவளுக்குள்ள குடியேறினால் தப்பிடுவாள். நாளைக்கு விடியவே வேணும்" என்றார் டொக்டர். மாமி விபூதித் தட்டோடு பக்கத்தில் நின்றதால் மாமா ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சந்தியில், நானா என்று நாங்கள் கூப்பிட்ட முஸ்லிம் அண்ணர் ஒருவரின் கடை இருந்தது, வாசலில் எப்போதும் திரை தொங்கும். மாமாவும் நானாவும் பள்ளிக்கூடத் தோழர்கள். ஆனால் மாமியோடு நடந்து போனால், அந்தக் கடை வரமுன்னே வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவோம். எதிர்ப்பக்கத்தில் நிழல் இருந்தது. அதற்காகத்தான் என்று நினைத்திருந்தேன்.

விடிந்தும் விடியாததுமாக மாமா என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சந்திக்குப் போனார். நானா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் இரண்டு பெரிய ஃபிளாஸ்க்.

"சுடச்சுட இருக்கு. ஆற விடாதீங்க" என்று என்னிடமே ஒன்றைத் தந்தார்.

மடியில் வைத்து அணைத்துக்கொண்டேன். கோடிக்கணக்கான உயிர்கள் என் மடியில்!

"நானா, அந்த மாட்டுக்கு நொந்திருக்குமோ?"

மாமா வெளியே பார்த்தார். நானா குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல மகள். அதுக்கு இப்ப ஒரு நோவும் இல்ல."

வீட்டில் மாமி, "எங்கத்தைய மாடு?" என்று கேட்டார். "நல்ல மாடு" என்றார் மாமா. மாமி இரண்டு ஃபிளாஸ்க்குக்கும் விபூதி பூசி, குங்குமப் பொட்டும் வைத்தார். கடும்பச்சை நிறத் தண்ணீர் குழாய்வழியாகக் கௌரிக்குள் இறங்கியது. நாற்றம் தாங்கவில்லை, ஆனாலும் நான் நகரவில்லை. அவளுடைய வாயையே பார்த்தபடி குந்தியிருந்தேன்.

பின்னேரம் மூன்று மணியிருக்கும். கௌரியின் தாடை ஒரு பக்கமாக அசைந்தது. பிறகு மறுபக்கம்.

"அசை போடுறாள்! மாமா, அசை போடுறாள்!"

நான் போட்ட சத்தத்தில் ஒழுங்கையே திரண்டுவிட்டது. பொங்கல் கொண்டு வந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். மாமா கொப்பியைத் தலைக்குமேல் ஆட்டி ஆடினார். அவரை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த நல்ல மாட்டுக்கு நன்றி சொல்லாமல் விடலாமா? மாமியின் கதலிச் சீப்பொன்றை எடுத்துக்கொண்டு சந்திக்கு ஓடினேன். "நானா, இதை அந்த மாட்டுக்குக் குடுங்கோ. ஒண்டு மட்டும், கனக்கக் குடுக்காதேங்கோ" என்றேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். "சரி மகள்" என்றார்.

பழம் எங்கே என்று மாமி கேட்டபோது, ஃபிளாஸ்க் தந்த நானாவிடம் கொடுத்ததைப் பெருமையாகச் சொன்னேன். மாமி அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

அது இறைச்சிக்கடை என்பதும், அந்தத் தண்ணீர் அன்று விடியற்காலை அறுக்கப்பட்ட மாட்டின் வயிற்றிலிருந்து வந்தது என்பதும் எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

இரண்டு கிழமை கழித்து நான் திரும்பவும் போனபோது கௌரி பழையபடி பால் தந்துகொண்டிருந்தாள். மாமி ஒரு போத்தல் பாலைப் பையில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு சந்திக்கு நடந்தார். வழக்கமாகக் கடக்கும் இடம் வந்தது. மாமி கடக்கவில்லை. நேரே போய்க் கடை வாசலில் நின்றார். நானா பதறி எழும்பினார்.

மாமி போத்தலை நீட்டினார். "கௌரியின்ர பால். பிள்ளையளுக்குக் குடுங்கோ."

நான் மாமியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமி, அங்கால வாங்கோ. இங்க ஒரே வெயில்."